தோற்றவரின் புகழ்: பவானி தேவியும் தகடூர் நடுகற்களும்

தருமபுரி மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் வயல்வரப்புகளிலும் நிற்கும் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அமைப்பு பழகிப் போயிருக்கும். கல்லில் ஒரு வீரன். வலக்கையில் வாள், இடக்கையில் வில் அல்லது சிறு கேடயம். சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகளும் உண்டு. அருகே வட்டெழுத்தில் சில வரிகள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எந்த ஊரின் ஆநிரை கவரப்பட்டது, அதில் அவன் பட்டான் என்ற செய்தி. பெரும்பாலும் இவ்வளவுதான். 1970களில் இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம், தருமபுரிப் பகுதிகளின் நடுகல் எழுத்துகளைத் தொகுத்து நூலாக்கியது. அந்த வாசகங்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒன்று உறைக்கும். வாளோடு நிற்கும் இத்தனை பேரில் எவனும் எப்படி வாள் வீசினான் என்பதைக் கல் சொல்வதில்லை. ஊர், தலைவன், மாடுகள், சாவு. அவன் கைத்திறன் அவனோடு போயிற்று. புகழுக்கு வேண்டிய சூழ்நிலை மட்டும் கல்லில் நின்றது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கற்களில் இருப்பவர்கள் வீழ்ந்தவர்கள். தப்பி வீடு திரும்பியவனுக்குக் கல் இல்லை.

இந்தியாவிலிருந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் வாள்வீச்சாளரான சி. ஏ. பவானி தேவியைப் பற்றி எழுத உட்கார்ந்து, நடுகல்லில் தொடங்குவது சிலருக்கு விநோதமாகப் படலாம். அவர் தருமபுரிக்காரர் அல்லர். சென்னை வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர். ஆனால் அவருக்குக் கிடைத்த புகழ் எப்படி வந்தது, எதன்மேல் நின்றது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கற்களே நினைவுக்கு வருகின்றன.

முதலில் வாழ்க்கை. பவானி தேவி 1993 ஆகஸ்ட் 27 அன்று பிறந்தவர். தந்தை ஆனந்த சுந்தரராமன் கோயில் அர்ச்சகர். ஆந்திரத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். தாய் ரமணி. 2004ஆம் ஆண்டு, முருக தனுஷ்கோடி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும்போது விளையாட்டுகளுக்குப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் இத்தனை பேர்தான் என்று கணக்கு. இவர் முறை வந்தபோது மற்ற இடங்கள் நிரம்பியிருந்தன, வாள்வீச்சு மிச்சமிருந்தது. பின்னாளில் பேட்டிகளில் அவரே பலமுறை சொன்ன கதை இது. அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே பள்ளியில் பலருக்குத் தெரியாத காலம். பயிற்சி மூங்கில் கழியில். மின்கம்பி பொருத்திய உண்மையான வாள் போட்டி நாளன்று மட்டும் கைக்கு வரும். ஒடிந்தால் மாற்று வாங்கப் பணமில்லை என்பதால் அந்தச் சிக்கனம். சிலம்பம் அறிந்த ஊரில் மூங்கில் கழி புதிதல்ல. ஆனால் சிலம்பக் கழியின் எடையும் வாளின் எடையும் வேறு. அரைக் கிலோவுக்கும் குறைவான வாளை மணிக்கட்டாலும் விரலாலும் செலுத்த வேண்டும். கழியில் பழகிய மணிக்கட்டு போட்டி நாளன்று புதிதாக எதைக் கற்றுக்கொள்ள முடியும்?

அதே 2004இல்தான் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான சேபர் பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை உண்டு. நவீன ஒலிம்பிக் தொடங்கிய 1896 முதல் ஆண்களுக்கு சேபர் உண்டு. பெண்களுக்கு 1924இல் ஃபாயில் மட்டும் கொடுத்தார்கள். எப்பே 1996இல்தான் வந்தது. குத்துவதோடு வெட்டவும் செய்யும் குதிரைப்படை வாளின் வழிவந்த சேபர் பெண்களுக்கு ஒவ்வாதது என்று ஐரோப்பியக் கனவான்கள் ஒரு நூற்றாண்டு காலம் நினைத்திருந்தார்கள். அந்தக் கதவு திறந்த ஆண்டிலேயே வடசென்னையில் ஒரு பதினொரு வயதுப் பெண் அந்த வாளை எடுத்தாள். தற்செயல்தான். ஆனாலும் வரலாற்றில் சில தற்செயல்களைக் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது.

பதினான்கு வயதில் முதல் வெளிநாட்டுப் போட்டி, துருக்கியில். மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்காகக் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். வாள்வீச்சில் கறுப்பு அட்டை என்பது மிகக் கடுமையான தண்டனை. அதன் பிறகு கேரளத்தின் தலச்சேரியில் இருந்த இந்திய விளையாட்டு ஆணைய மையத்துக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் சாகர் லாகு. கல்லூரிப் படிப்பும் அவ்வூர் பிரென்னன் கல்லூரியில். 2009இல் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். 2014இல் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் வெள்ளி. இவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நாளிதழ்களும் அப்போது வேகமாகத்தான் சொல்லிவிட்டுப் போயின. விளையாட்டுப் பக்கத்தின் அடியில் நான்கு வரி.

அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் இருந்தது செலவு. முகமூடி, உலோக இழை நெய்த மேலாடை, கையுறை, வாள்கள், எல்லாவற்றுக்கும் மேலாக விமானச் சீட்டு. தரவரிசைப் புள்ளி வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்குப் போயாக வேண்டும். போட்டிகள் அங்கேதான் நடக்கின்றன. தாய் நகைகளை அடகு வைத்தார். கடன் வாங்கினார்கள். முதல்வராக இருந்த ஜெயலலிதா வெளிநாட்டுப் பயிற்சிக்கு அரசு நிதி கொடுத்தார். 2015இல் கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளை ராகுல் திராவிட் பெயரில் நடத்திய திட்டத்தில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ நகருக்குச் சென்று நிக்கோலா சனோட்டியிடம் பயிலத் தொடங்கினார். ரியோ ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியிருந்தது. 2017இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த சாட்டிலைட் போட்டியில் தங்கம், 2018இல் கான்பெராவில் காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் தங்கம். இரண்டும் இந்தியாவுக்கு முதல்முறை. 2019இல் தந்தை இறந்தார்.

2021 மார்ச்சில் புடாபெஸ்ட் உலகக் கோப்பை முடிந்தபோது அவர் உலகத் தரவரிசையில் 45ஆம் இடத்தில் இருந்தார். ஆசியா, ஓசியானியா பகுதிக்குத் தரவரிசைப்படி ஒதுக்கிய இடங்களில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. நம் ஊடகங்கள் விழித்துக்கொண்டது அன்றுதான். ஜூன் மாத மனதின் குரல் உரையில் பிரதமர் அவர் பெயரைச் சொன்னார். தாய் நகை அடகு வைத்ததையும் சொன்னார். கவனியுங்கள், நாடு முழுவதும் அறிமுகமான பவானி தேவி கதையில் முதலில் வந்தது அடகுக் கடை. பிறகு மூங்கில் கழி. லிவோர்னோவில் என்ன கற்றார், அவருடைய தாக்குதல் முறை என்ன, தற்காப்பு எப்படி என்பதை எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதே சரி.

இதற்கு ஊடகங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சேபர் ஆட்டம் கண்ணுக்கு அகப்படாத ஆட்டம். 14 மீட்டர் நீளத் தளத்தில் இருவர் நான்கு மீட்டர் இடைவெளியில் நிற்கிறார்கள். நடுவர் பிரெஞ்சு மொழியில் கட்டளையிடுகிறார். அடுத்த கணம் இருவரும் பாய்கிறார்கள். பெரும்பாலும் இரு விளக்குகளும் எரிகின்றன. மணிக்கட்டுக்கு அப்பாலுள்ள கைப்பகுதி நீங்கலாக, இடுப்புக்கு மேலே எங்கு வாள் பட்டாலும் விளக்கு எரியும். ஒருவர் தொட்ட பிறகு 170 மில்லிநொடிக்குள் மற்றவரும் தொட்டால் கருவி இரண்டையும் பதிவு செய்யும். அப்போது புள்ளி யாருக்கு? தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கு. எதிராளி அதைத் தட்டிவிட்டாலோ, தாக்கியவர் ஒரு நொடி தயங்கினாலோ உரிமை மாறிவிடும். அதாவது இது வாளால் நடக்கும் ஒரு வழக்கு. நடுவர் ஒவ்வொரு முறையும் தீர்ப்பு எழுதுகிறார். இலக்கணம் தெரியாதவருக்கு இரண்டு விளக்கும் ஒரு கூச்சலும்தான் மிச்சம். யாப்பு தெரியாமல் வெண்பாப் போட்டியில் நடுவராக உட்கார்ந்த கதை.

2021 ஜூலை 26. டோக்கியோவுக்கு அருகில் மக்குஹாரி மெஸ்ஸே அரங்கம். முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாதியா பென் அசீசியை 15-3 என்று வென்றார். ஒலிம்பிக் தளத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் வாள்வீச்சு வெற்றி இது. அடுத்த ஆட்டம், உலகின் மூன்றாம் இடத்திலிருந்த பிரான்சின் மனோன் புருனேயுடன். 7-15. ஒரே காலைப்பொழுதில் எல்லாம் முடிந்தது.

அன்று மாலை ட்விட்டரில் அவர் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். தன்னால் இயன்றதைச் செய்ததாகவும் இரண்டாவது ஆட்டத்தை வெல்ல முடியவில்லை என்றும் எழுதினார். பிரதமர் பதில் எழுதினார்: முழு முயற்சியைக் கொடுத்தீர்கள், அதுவே முக்கியம், வெற்றி தோல்வி வாழ்க்கையில் உள்ளவை என்ற பொருளில். அதற்குப் பிறகு வந்த ஆறுதல்களுக்கும் பாராட்டுகளுக்கும் அளவில்லை. அன்றுவரை வாள்வீச்சு என்றால் எம்.ஜி.ஆர். படச் சண்டைக்காட்சிகளை மட்டும் அறிந்திருந்த நம் மக்கள் பவானி தேவியைத் தம் வீட்டுப் பெண்ணாக்கிக் கொண்டார்கள். அவ்வாண்டே அர்ஜுனா விருது.

எனக்கு அந்த மன்னிப்பு இன்றும் உறுத்துகிறது. யாரிடம் எதற்காக மன்னிப்பு? மூங்கில் கழியோடு அனுப்பியவர்கள் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? ஆனால் மன்னிப்புத்தான் அவரை மக்களிடம் கொண்டு சேர்த்தது. 15-3 என்ற வெற்றிக்கு நம்மிடம் சொல் இல்லை. தோற்றுத் தலைகுனிந்த பெண்ணுக்கு, அடகு வைத்த தாய்க்கு, நம்மிடம் ஆயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறது.

பிறகு அந்த வாள். டோக்கியோவில் ஏந்திய வாளில் கையெழுத்திட்டுப் பிரதமரிடம் கொடுத்தார். 2021 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிரதமருக்கு வந்த பரிசுகளை மத்திய அரசு இணையவழி ஏலம் விட்டது. தொகை கங்கைத் தூய்மைத் திட்டத்துக்கு. நீரஜ் சோப்ராவின் ஈட்டி 1.5 கோடி ரூபாய். அடுத்த இடத்தில் பவானியின் வாள், 1.25 கோடி ரூபாய். தங்கம் வென்ற ஈட்டிக்கும் இரண்டாம் சுற்றில் தோற்ற வாளுக்கும் இடையே 25 லட்சம்தான் வேறுபாடு. மக்கள் புகழை எண்ணால் அளக்க முடியுமென்றால் இதைவிடத் துல்லியமான எண் கிடைக்காது.

இந்த இடத்தில் மறுபடியும் தகடூருக்கு வர வேண்டியிருக்கிறது. இன்றைய தருமபுரிதான் அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர். அவனுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனதும், தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டியதும் புறநானூறு படித்தவர்கள் அறிந்ததே. மாலை சூடி, நெய் பூசி, காவலோடு பளபளக்கும் இந்த ஆயுதங்கள் எங்கே, பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கும் என் தலைவனின் ஆயுதங்கள் எங்கே என்று புகழ்வது போலப் பழித்தாள் ஔவை. அந்தப் பாடலைப் பற்றி எத்தனையோ உரைகள் உண்டு. வாள்வீச்சுப் பயிற்சிக்கூடம் ஒன்றின் மூலையில் ஒடிந்த வாள் அலகுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் உரை தேவைப்படாது. 88 சென்டிமீட்டர் எஃகு அலகு வளைந்து வளைந்து ஒருநாள் ஒடியும். வேறொன்றை மாட்டிக்கொண்டு தொடர்வார்கள். ஒரு கோடியே இருபத்தைந்து லட்சத்துக்குப் போன வாள் தொண்டைமான் கொட்டிலுக்குப் போன வாள். பவானியின் வாழ்க்கை ஒடிந்த அலகுகளில் இருக்கிறது.

இது நம் நாட்டுக் குறை மட்டும்தானா என்று பார்த்தால் அப்படியும் இல்லை. வாள்வீச்சு பிறந்து வளர்ந்த ஐரோப்பாவிலேயே பெரும்புகழ் பெற்ற வீராங்கனை ஹெலேனே மேயர். ஜெர்மானியர், தந்தை யூதர். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் பதினேழு வயதில் ஃபாயில் தங்கம் வென்றார். அவர் உருவில் சிறு பொம்மைகள் செய்து ஜெர்மன் வீடுகளில் வைத்திருந்தார்கள். 1933இல் அவருடைய ஊரான ஆஃபென்பாக்கின் வாள்வீச்சுச் சங்கமே யூத இரத்தம் என்று அவரை நீக்கியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் யூதர்களுக்கும் இடமுண்டு என்று உலகுக்குக் காட்ட நாஜி அரசுக்கு ஒருவர் தேவைப்பட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து வெள்ளி வென்று, மேடையில் கையை உயர்த்தி நாஜி வணக்கம் செய்தார். அன்று தங்கம் வென்ற ஹங்கேரியின் இலோனா எலெக்கும், வெண்கலம் வென்ற ஆஸ்திரியாவின் எல்லன் பிரைஸும்கூடத் தந்தை வழியில் யூதர்களே. வாள்வீச்சு தெரியாத வரலாற்று மாணவனுக்கும் மேயரின் அந்தக் கை தெரியும். அடுத்த ஆண்டு பாரிஸில் உலகப் பட்டம் வென்றது யாருக்கும் தெரியாது.

அண்மைக் காலத்திலும் இதே கதைதான். 2023 ஜூலையில் மிலான் உலகப் போட்டியில் உக்ரைனின் ஓல்கா கார்லன், ரஷ்ய வீராங்கனையை 15-7 என வென்றபின் கைகுலுக்க மறுத்து வாளை நீட்டினார், கறுப்பு அட்டை. உலகமெங்கும் படம் போட்டார்கள். 2024 பாரிஸில் எகிப்தின் நதா ஹாஃபெஸ் ஓர் ஆட்டம் வென்று அடுத்ததில் தோற்றபின், தான் ஏழு மாதக் கர்ப்பிணி என்று அறிவித்தார். அதுவும் உலகச் செய்தி. இருவரும் சேபர் ஆடுபவர்கள். ஒரு விளையாட்டின் உள்ளே நடப்பதைப் பொதுமக்களால் படிக்க முடியாதபோது, அதன் ஓரத்தில் நடப்பது புகழாகிறது. கைகுலுக்கல், கர்ப்பம், அடகு நகை. நடுகல் வெட்டிய தச்சனும் இதைத்தானே செய்தான். கல்லில் கைத்திறனை எழுத அவனிடம் வழி இல்லை. மாடுகளை எழுத வழி இருந்தது. (செங்கம் பகுதியின் எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு சேர்ந்து கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயர்கூட நிலைத்திருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. எந்த வீச்சில் எந்தக் கள்வன் வீழ்ந்தான் என்பது அதிலும் இல்லை.)

இந்தப் பின்னணியில் 2023 ஜூன் மாதத்தைப் பார்க்க வேண்டும். சீனாவின் வூஷி நகரில் ஆசிய வாள்வீச்சுப் போட்டி. பவானிக்கு அப்போது வயது இருபத்தொன்பது. காலிறுதியில் எதிரே நின்றவர் ஜப்பானின் மிசாகி எமுரா, 2022 கெய்ரோவில் உலகப் பட்டம் வென்றவர். அதற்கு முன் பவானி ஒருமுறையும் அவரை வென்றதில்லை. 15-10. நடப்பு உலகச் சாம்பியன் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் வெளியேறினார். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜைனப் தாயிபெகோவாவிடம் 14-15, ஒரே ஒரு தொடுதலில் இறுதியாட்டம் நழுவியது. வெண்கலம். ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம். என் கணிப்பில் அவருடைய வாழ்க்கையின் சிறந்த நாள் அதுதான், டோக்கியோ அல்ல. எமுரா ஒன்றும் ஓய்ந்துபோன சாம்பியன் அல்லர். ஒரு மாதம் கழித்து மிலானில் மறுபடியும் உலகப் பட்டம் வென்றார்.

வாழ்த்துச் செய்திகள் வந்தன. இரண்டு நாள் படங்கள் வந்தன. ஆனால் இன்று தெருவில் பத்துப் பேரை நிறுத்திப் பவானி தேவி என்ன செய்தார் என்று கேட்டால் ஒலிம்பிக்குக்குப் போனார் என்பார்கள், அழுதார் என்பார்கள், அம்மா நகையை அடகு வைத்தார் என்பார்கள். வூஷியைச் சொல்ல ஒருவர் இருப்பாரா என்பது ஐயம். வாளைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடிய மொழியில் இந்தக் காலிறுதியைத் தொடுதல் தொடுதலாக எழுதிய ஒரு கட்டுரையேனும் வந்திருக்க வேண்டும். என் கண்ணில் படவில்லை. கிரிக்கெட்டில் ஒரு கவர் டிரைவைப் பற்றி மூன்று பத்தி எழுதத் தெரிந்த தமிழ் அது.

அவ்வாண்டு ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்கு ஒரு படி முன்பாக, காலிறுதியில், சீனாவின் ஷாவோ யாச்சியிடம் தோற்றார். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவரால் தகுதி பெற முடியவில்லை. வேறெந்த இந்திய வாள்வீச்சாளரும் தகுதி பெறவில்லை. 2024 ஜூலை 29 அன்று பாரிஸின் கிராண்ட் பலே மண்டபத்தில் பெண்கள் சேபர் தங்கத்தை வென்றவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் டோக்கியோவில் பவானியை 15-7 என்று வென்ற அதே மனோன் புருனே.